ஊக்கத்தொகை என்னும் சொல்

கொல்லிமலையில் எடப்புளி நாட்டுக் கிராம சபையிலே, சாமை பயிரிடுவோர்க்கு ஊக்கம் அளிக்க வேண்டுமென்று ஒரு தீர்மானம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். மானியம் என்று எழுதுவதா, பரிசு என்பதா, ஊக்கத்தொகை என்பதா? எப்படியும் பணந்தானே என்று நாம் எண்ணிவிடுகிறோம். அந்த எண்ணத்தால் இழப்பு உழவருக்கே.

மானியம் என்பது உழவரின் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்பது. அவர் விதையோ கருவியோ வாங்கினாலன்றி அது இல்லை. பரிசு, செய்து முடித்தவருள் சிலரைத் தேர்ந்து அளிப்பது. நாட்டு விதைகளைக் காத்துவரும் உழவர்க்குப் பாராட்டும் வெகுமதியும் உண்டென்று 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் கூறுகிறது. நல்ல ஏற்பாடுதான், எனினும் அதை நம்பி ஒருவர் விதைக்க முடியாது. ஊக்கத்தொகையோ, இன்னது செய்தால் இவ்வளவு என முன்னரே அறிவித்து, செய்தவர் எல்லார்க்கும் தருவது. ஆதலின் அதனைக் கேட்டுப் பெறலாம். இரந்து நிற்க வேண்டியதில்லை.

இதற்கு நெல் கொள்முதலே தக்க சான்று. 2025-26ஆம் பருவத்தில் சாதாரண ரகத்துக்கு மத்திய அரசின் ஆதார விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். மாநில அரசின் ஊக்கத்தொகை 131 ரூபாய் சேர 2,500 ஆயிற்று. சன்ன ரகத்துக்கு ஊக்கத்தொகை 156 ரூபாய். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் கொடுத்தவர்க்கே இது கிடைக்கும். களத்திலேயே வியாபாரிக்கு அளந்துவிட்டவர்க்கு இல்லை. எச்செயலுக்காகத் தொகை என்பது ஐயமின்றி விளங்குகிறதல்லவா?

சாமைக்கும் இப்படியே குவிண்டாலுக்கு இவ்வளவு என்று கேட்டுவிட்டால் போதுமா? கொல்லிமலையில் சாமையும் தினையும் குறைந்து மரவள்ளி பரவியதற்குச் சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகள் தரும் ரொக்கம் ஒரு காரணம். மற்றொன்றை வீட்டுப் பெண்டிரே நன்கறிவர். சாமையை உரலிலிட்டு உமி நீக்குவது கையைக் காய்ப்பேறச் செய்யும் வேலை. கடையில் அரிசி கிடைக்கும்போது அவ்வேலையை யார் விரும்புவர்? எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இம்மலையிலே சிறுதானியம் காக்கும் பணியில் இறங்கியபோது, உமி நீக்கும் பொறிகளை ஊருக்குள் கொணர்ந்து குழுக்களிடம் ஒப்புவித்ததும் இதுபற்றியே. பொறி என்பது கையில் கொடுக்கும் தொகை அன்று. ஆயினும் அது ஊக்கமே.

ஆகவே தீர்மானம் எழுதுமுன், சாமையைக் கைவிட்ட குடும்பத்தாரை, குறிப்பாகப் பெண்களை, சபையிலே பேசச் சொல்வோம். விலை போதவில்லை என்பாராயின் ஊக்கத்தொகை என்றே எழுதி, எவ்வளவு விளைவுக்கு எவ்வளவு தொகை, எந்நாளுக்குள், எங்கே பெறுவது என்பவற்றையும் சேர்ப்போம். இடிப்பதுதான் தொல்லை என்பாராயின், பொறிக்கும் கொட்டகைக்கும் மின் இணைப்புக்கும் எழுதுவோம்.