எம்.பி.ஏ. வகுப்பில் செயற்கை அறிவு: 97 சதம் சொன்ன பொய்!



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மாணவர் பேரவைத் தம்பி ஒருவர் தாம்பரம் ஸ்டேஷனில் என்னைப் பிடித்துக்கொண்டார். "எனக்குக் கவிதையெல்லாம் வராதேப்பா" என்றேன். "கவிதை வேணாம்ணே. நீங்க எம்.பி.ஏ.ல ஏ.ஐ. படிச்சீங்களாமே, அதை எழுதுங்க. டிப்ளமோ முடிச்சா நமக்கு வேலை இருக்குமான்னு பசங்க பயப்படறாங்க" என்றார். அந்தப் பயம் எனக்கும் பழக்கம்தான். அதனால் பேனாவை எடுத்துவிட்டேன். தவறிருந்தால் பொறுத்துக்கொள்க.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. நானும் இதே பட்டறையில் அரம் பிடித்து ராவியவன். கணக்கில் அரியர் வைத்து, அழுது, பிறகு எழுதித் தேறியவன். பட்டயம் முடித்து நேரடி இரண்டாமாண்டில் பி.இ. சேர்ந்தேன். பிறகு நம் புறநகரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. மாலையில் மின்சார ரயிலைப் பிடித்து எம்.பி.ஏ. வகுப்பு. அங்கே இரண்டாமாண்டில் எனக்கு வாய்த்த பாடம்தான் செயற்கை அறிவு.

1. வியாபாரப் படிப்பில் இது எதற்கு?

எனக்கும் முதல் நாள் இதே சந்தேகம். எம்.பி.ஏ. என்றால் கணக்கு, விற்பனை, ஆள் நிர்வாகம். இயந்திர மூளைக்கு அங்கே என்ன வேலை? கம்ப்யூட்டர் பிரிவுக்காரர்கள் படித்துக்கொள்ளட்டுமே!

கொஞ்சம் தேடிப் படித்ததும் ஆச்சரியம் காத்திருந்தது. இந்தத் துறை தவழ்ந்த வீடுகளில் ஒன்று மேலாண்மைக் கல்லூரிதான்! அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி தொழில்நுட்பக் கழகம். அங்கே தொழில் நிர்வாகத்துக்கென்று தொடங்கிய பட்டமேற்படிப்புப் பள்ளியில் 1949-ல் சேர்ந்தவர் ஹெர்பர்ட் சைமன். ஒரு நிறுவனத்தில் மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. எல்லாத் தகவலும் கையில் கிடைப்பதில்லை, நேரமும் கிடைப்பதில்லை, அதனால் 'இது போதும்' என்கிற இடத்தில் மனிதன் நின்றுவிடுகிறான் என்று காட்டினார். 1978-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்கு வந்தது.

அந்த சைமனும் ஆலன் நியூவெல், கிளிஃப் ஷா ஆகியோரும் சேர்ந்து 1955-56-ல் 'லாஜிக் தியரிஸ்ட்' என்ற நிரலை உருவாக்கினார்கள். கணிதப் புத்தகம் ஒன்றின் ஓர் அத்தியாயத்திலிருந்த முதல் 52 தேற்றங்களில் 38-ஐ அது நிரூபித்தது. 1956 ஜனவரியில், கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து வந்த சைமன், சிந்திக்கும் இயந்திரம் ஒன்றைத் தாங்கள் கண்டுபிடித்துவிட்டதாகத் தம் மாணவர்களிடம் அறிவித்தாராம். அந்த வகுப்பில் வாய் பிளந்து கேட்டவர்களில் ஒருவர் எட்வர்ட் ஃபைகன்பாம். கணினித் துறையின் மிகப் பெரிய விருதான டூரிங் விருது 1994-ல் ஃபைகன்பாமுக்குக் கிடைத்தது.

அதே ஆண்டு அந்த விருதை அவரோடு பகிர்ந்துகொண்டவர் யார் தெரியுமா? நம்ம கிண்டிக்காரர்! கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958-ல் பட்டம் பெற்ற ராஜ் ரெட்டி. அவர் படித்தது கம்ப்யூட்டர் அல்ல, சிவில்! பேச்சைப் புரிந்துகொள்ளும் கணினிக்காக உழைத்தவர். டூரிங் விருது பெற்ற முதல் ஆசியர். தாம்பரத்தில் ரயில் ஏறினால் கிண்டி அரைமணி நேரத்துக்குள். அடுத்த முறை அந்த ஸ்டேஷனைக் கடக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

குரோம்பேட்டையை மட்டும் விட்டுவிட முடியுமா? எழுத்தாளர் சுஜாதா படித்தது அங்குள்ள எம்.ஐ.டி.யில். 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்கிற இயந்திர நாயைப் பேசவைத்து, 1980-களிலேயே இந்தச் சங்கதியைத் தமிழ் வீடுகளுக்குள் கொண்டுவந்தவர் அவர். ஆக, நாம் இதற்குப் புது ஆட்கள் இல்லை.

2. என்னுடைய 97 சதம்

சரி, கதைக்கு வருகிறேன். பாடத்துக்கு ஒரு புராஜெக்ட் செய்யவேண்டும். எங்கள் தொழிற்சாலையில் சி.என்.சி. லேத்தில் கடையும் ஒரு புஷ். அதில் சில பீஸ் உள்விட்டம் பெரிதாகி ரிஜெக்ட் ஆகும். மூன்று பேர் உட்கார்ந்து ஒவ்வொரு பீஸையும் கேஜ் போட்டுப் பார்ப்பார்கள். 'எது ரிஜெக்ட் ஆகும் என்று இயந்திரமே முன்கூட்டிச் சொன்னால்?' என்பதுதான் என் தலைப்பு. டூல் எத்தனை பீஸ் ஓடியது, மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுத்தது, கூலன்ட் சூடு, எந்த ஷிஃப்ட் என்ற விவரங்களைச் சேகரித்தேன். கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்தேன்.

முடிவு வந்தது: 97 சதம் சரி! எனக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்க்கையில் நான் எந்தப் பரீட்சையிலும் 97 வாங்கியதில்லை. மறுநாள் காலையே ஓடிப்போய் மேனேஜரிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "அப்ப மூணு பேர் அங்க எதுக்கு?" என்றார். ஒரு தாளில் மூன்று பெயர் எழுதினார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

அந்த வாரக் கடைசியில் வகுப்பில் செமினார். படம் போட்டு விளக்கினேன். பேராசிரியர் கடைசி வரை கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கெட்ட பீஸ்ல எத்தனையை உங்க மெஷின் பிடிச்சுது?"

பார்த்தேன். பூஜ்யம்.

3. நீங்களே கணக்குப் போடுங்கள்

எண்களை எளிமையாக்கித் தருகிறேன். பேப்பர், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் 1000 பீஸ். நல்லது 970, கெட்டது 30. என் இயந்திரம் என்ன செய்தது? ஆயிரத்தையும் 'நல்லது' என்று சொல்லிவிட்டது. 970 சரியாகிவிட்டது. 97 சதம்! ஓ.எம்.ஆர். தாளில் எல்லாக் கேள்விக்கும் 'அ' என்று கறுத்துவிட்டு வருகிற பையன் மாதிரி. பாடத்தில் நல்ல பீஸே நிறைய இருந்ததால், 'நல்லது' என்று சொல்லிவிடுவதே தவறு குறைவாக வரும் வழி என்று கற்றுக்கொண்டது. இயந்திரம் பொய் சொல்லவில்லை, நான் தவறான கேள்வி கேட்டேன்.

இப்போது பணக் கணக்கு. எம்.பி.ஏ. உள்ளே நுழைவது இங்கேதான். ஒரு கெட்ட பீஸ் வாடிக்கையாளரிடம் போய்த் திரும்பினால் நஷ்டம் ரூ.2000 என்று வையுங்கள். ஒரு பீஸை ஆள் வைத்துக் கேஜ் போட ரூ.10.

அ) ஆட்களே ஆயிரத்தையும் பார்த்தால்: 1000 x 10 = ரூ.10,000. முப்பதும் பிடிபடும்.

ஆ) 97 சத இயந்திரத்தை மட்டும் நம்பினால்: 30 x 2000 = ரூ.60,000 நஷ்டம்.

இ) இன்னொரு இயந்திரம். அது 100 பீஸைச் 'சந்தேகம்' என்று ஒதுக்குகிறது. அதில் 27 உண்மையிலேயே கெட்டது, 73 நல்லது. மூன்று கெட்ட பீஸ் மட்டும் தப்பிவிடுகிறது. ஒதுக்கிய நூறை ஆள் பார்க்கிறார். செலவு: 100 x 10 = 1000. தப்பிய மூன்றுக்கு 3 x 2000 = 6000. மொத்தம் ரூ.7,000.

இந்த மூன்றாவது இயந்திரத்தின் 'மார்க்' எவ்வளவு? பிடித்த 27, சரியாக விட்ட நல்ல பீஸ் 897. கூட்டினால் 924, அதாவது 92.4 சதம். 97-ஐவிடக் குறைவு! ஆனால் செலவோ எட்டில் ஒரு பங்குக்கும் கீழே. கெட்டது முப்பதில் 27-ஐப் பிடித்தது 90 சதம். இந்த எண்ணைத்தான் நான் முதலில் கேட்டிருக்கவேண்டும்.

இன்னொன்றும் கவனியுங்கள். (அ)வுக்கும் (இ)க்கும் வித்தியாசம் ஆயிரம் பீஸுக்கு ரூ.3,000தான். சென்சார், கம்ப்யூட்டர், பராமரிப்பு எல்லாம் இதற்குள் அடங்கவேண்டும். அடங்காவிட்டால் இயந்திரமே வேண்டாம் என்று சொல்லும் தைரியமும் வேண்டும். இதைச் சொல்லத்தான் அந்தப் பாடம்.

4. ரிஜிஸ்டர் நோட்டு

மேனேஜரிடம் திரும்பப் போனேன். "சார், நான் சொன்னது தப்பு" என்று சொல்வதற்குள் நாக்கு உலர்ந்துவிட்டது. அவர் கோபப்பட்டார். கணக்கை எழுதிக் காட்டியதும் அமைதியானார். பட்டியல் மேஜைக்குள் போனது. ஆனால் மூவரில் ஒருவர், பட்டியல் சேதி காதில் விழுந்த அன்றே கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டார். அவரை நான் மறுபடி பார்க்கவில்லை.

மற்ற இருவரில் மூத்தவர் ஒரு அண்ணன். ஐ.டி.ஐ. படித்தவர். தலை குனிந்து அவர் எதிரே உட்கார்ந்தேன். அவர் திட்டவில்லை. ஒரு பழைய ரிஜிஸ்டரை எடுத்துப் போட்டார். "தம்பி, நீ ஆம்பியரு, கூலன்ட்டுன்னு எல்லாம் எழுதியிருக்க. மெஷின் எத்தனை மணிக்கு ஸ்டார்ட் பண்ணாங்கன்னு எழுதினியா? திங்கக்கிழமை காலைல குளிர்ந்த மெஷின்ல முதல் பத்து பீஸைப் பாரு. டூல் மாத்தினதும் வர்ற நாலு பீஸைப் பாரு" என்றார்.

நாம் படித்ததுதானே! சூடேறினால் உலோகம் விரியும். ஸ்பிண்டில் சூடாகி நிலைக்கு வரும்வரை அளவு நகரும். தியரி எனக்குத் தெரியும். ஆனால் எந்தக் கிழமை, எந்த பீஸ் என்று அவருக்குத்தான் தெரியும். 'ஸ்டார்ட் ஆகி எத்தனை நிமிடம்', 'டூல் மாற்றி எத்தனையாவது பீஸ்' என்ற இரண்டு விவரங்களைச் சேர்த்தேன். சந்தேகக் கோட்டை 50 சதத்திலிருந்து நன்றாகக் கீழே இறக்கினேன். இயந்திரம் கெட்ட பீஸைப் பிடிக்கத் தொடங்கியது.

இதில் எது கெட்ட பீஸ் என்று இயந்திரத்துக்குச் சொன்னதே அவருடைய ரிஜிஸ்டர்தான். அவர் எழுதிய ஒவ்வொரு வரியும் அதற்குப் பாடம். அவரை அனுப்பிவிட்டால் நாளைக்குப் புது மெட்டீரியல் வந்து புதுவிதக் கோளாறு வரும்போது அதற்கு யார் சொல்லிக்கொடுப்பது?

உண்மையை மறைக்கக்கூடாது. ஆயிரம் பார்த்த இடத்தில் நூறு பார்த்தால் ஆள் குறைவாகத்தான் தேவைப்படும். 'யாருக்கும் வேலை போகாது' என்று மேடையில் சொல்பவரை நம்பவேண்டாம். 'எல்லாருக்கும் போய்விடும்' என்பவரையும் நம்பவேண்டாம். சைமனே 1957-ல், பத்தாண்டுக்குள் கம்ப்யூட்டர் சதுரங்க உலக சாம்பியனாகிவிடும் என்றார். 'டீப் புளூ' காஸ்பரோவை வென்றது 1997-ல். நாற்பது ஆண்டு! நோபல் பரிசு பெற்றவர் கணிப்பே இப்படித் தள்ளிப்போனது. ஆனால் கடைசியில் நடந்தது என்பதையும் மறக்காதீர்கள்.

5. நாம் என்ன செய்யலாம்?

ஒன்று: உங்கள் பிரிவை விட்டு ஓடாதீர்கள். மெக்கானிக்கல், சிவில், எலக்ட்ரிகல், எதுவானாலும் அதுதான் உங்கள் மூலதனம். என் வகுப்பில் என்னைவிட வேகமாக நிரல் எழுதியவர்கள் பலர். ஸ்பிண்டிலைத் தொட்டுப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

இரண்டு: புள்ளியியலைத் தள்ளிவைக்காதீர்கள். சராசரி, நிகழ்தகவு இரண்டையும் இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள். அரியர் வைத்தவன் சொல்கிறேன், கேளுங்கள்!

மூன்று: எம்.பி.ஏ.வுக்குப் பட்டயம் மட்டும் போதாது. நேரடி இரண்டாமாண்டில் சேர்ந்து பட்டம் முடித்து, பிறகு டான்செட் போன்ற நுழைவுத் தேர்வு எழுதவேண்டும். இடையில் இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டுப் போனால் பாடம் நன்றாகப் பிடிபடும்.

நான்கு: 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபிறகு ரெக்கார்டு நோட்டைக்கூட அதுவே எழுதிவிடுகிறது. எழுதட்டும். ஆனால் வைவாவில் நிற்பது நீங்கள். அது சரளமாகச் சொல்வதெல்லாம் சரியென்று நினைக்கவேண்டாம். நான் கேட்கத் தவறிய அந்தக் கேள்வியை ஒவ்வொரு முறையும் கேளுங்கள்: கெட்ட பீஸில் எத்தனை பிடித்தது?

அந்த அண்ணன் இப்போதும் அதே இடத்தில்தான் இருக்கிறார். ரிஜிஸ்டரில் 'இயந்திரம் சொன்னது', 'நான் பார்த்தது' என்று இரண்டு பத்தி கோடு போட்டிருக்கிறார். இரண்டும் ஒத்துப்போகாத நாளில் சிவப்பு மையில் ஒரு சுழி. போன வாரம் போய்ப் பார்த்தேன், நாலு சுழி இருந்தது. "இதுல ரெண்டு அது ஜெயிச்சுது, ரெண்டு நான்" என்றார்.

உங்களில் யாராவது இந்தக் கணக்கில் தப்பு கண்டுபிடித்தால், அடுத்த ஆண்டு மலரில் எழுதுங்கள். சந்தோஷமாக ஒப்புக்கொள்கிறேன். வாழ்த்துக்களுடன்,

— முன்னாள் மாணவன், இயந்திரவியல் பிரிவு