காணாமல்போன ஏழு விழுக்காடு

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. ஒரு கனிமம் அரியது என்றால் அதற்குள் இருக்கும் தனிமமும் அரியதாகத்தானே இருக்க வேண்டும் என்பது முதல் கேள்வி. ஆர்கிரோடைட் என்று சீட்டு ஒட்டி விற்பனைக்கு வந்திருக்கும் ஒரு கறுப்புக் கல்லை வாங்கலாமா என்பது இரண்டாவது. இரண்டாவதற்குப் பதில் சின்னது, கடைசியில் சொல்கிறேன். முதல் கேள்வியை நீங்கள் பொதுவாகக் கேட்டிருந்தாலும், அதற்குப் பதில் நீங்கள் வாங்க நினைக்கும் அந்தக் கல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ஆர்கிரோடைட் வெள்ளி, ஜெர்மானியம், கந்தகம் மூன்றும் சேர்ந்த சல்பைடு. எட்டு வெள்ளி அணு, ஒரு ஜெர்மானியம், ஆறு கந்தகம் என்பது அதன் கணக்கு. எடையில் முக்கால் பங்குக்கு மேல் வெள்ளிதான். புதிதாக உடைத்த முகம் எஃகின் சாம்பல் நிறத்தில் லேசான செம்மை ஓடி உலோகம்போலவே மின்னும். காற்றுப் பட்டுச் சில காலம் ஆனால் ஊதா கலந்து கறுத்துவிடும். மோஸ் அளவுகோலில் கடினம் இரண்டரை, அதாவது விரல்நகத்தின் அளவுதான். ஆனால் கையில் வாங்கினால் கனக்கும், ஒப்படர்த்தி ஆறுக்கும் மேல். பூமிக்குள் சூடான கரைசல்கள் பாறை வெடிப்புகளில் ஏறி வந்து ஆறும்போது, மற்ற வெள்ளித் தாதுக்களோடு சேர்ந்து படியும். பெரும்பாலும் கொத்துக் கொத்தான மேலோடாகவோ சிறு படிகங்களாகவோதான் கிடைக்கும்.

1885ஆம் ஆண்டு ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில், ஃப்ரைபெர்க் நகருக்கு அருகே ஹிம்மெல்ஸ்ஃபுர்ஸ்ட் என்ற வெள்ளிச் சுரங்கத்தில் இது அகப்பட்டது. ஃப்ரைபெர்க்கைச் சாதாரணச் சுரங்க ஊர் என்று நினைத்துவிடக் கூடாது. 1765இலேயே சுரங்கவியலுக்கென்று கல்விக்கழகம் தொடங்கிய ஊர் அது. இண்டியம் என்ற தனிமத்தை 1863இல் கண்டுபிடித்ததும் அங்கேதான். அந்தக் கழகத்தின் கனிமவியல் பேராசிரியர் ஆல்பின் வைஸ்பாக் புதிய தாதுவைப் பார்த்ததும் இது வேறு இனம் என்று சொல்லிப் பெயரும் வைத்தார். இண்டியத்தைக் கண்ட இருவரில் ஒருவரான தியோடர் ரிக்டர் ஊதுகுழல் சோதனை செய்து பார்த்தார். வெள்ளி, கந்தகம், கொஞ்சம் பாதரசம் என்று சொன்னார். முழுப் பகுப்பாய்வுக்கு அது வேதியியல் பேராசிரியர் கிளெமென்ஸ் விங்க்ளரிடம் போனது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதே ஃப்ரைபெர்க் தாதுவை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே பிரைட்ஹாப்ட் என்ற கனிமவியலர் வேறொரு பெயரில் அரைகுறையாக விவரித்து வைத்திருந்தார். அவரும் சாதாரண ஆள் இல்லை, எத்தனையோ கனிமங்களுக்குப் பெயர் வைத்தவர். ஆக, ஆர்கிரோடைட்டை முதலில் பார்த்தது யார் என்பதில் பெரிய பெருமை ஒன்றும் இல்லை.

விங்க்ளர் பகுத்துப் பார்த்தார். வெள்ளி சுமார் 75 விழுக்காடு, கந்தகம் 17 விழுக்காட்டுக்குச் சற்று மேல். இரும்பு, பாதரசம், துத்தநாகம் எல்லாம் துளித்துளி. கூட்டினால் 93 வந்தது. திரும்பச் செய்தார், அப்போதும் 93தான். எத்தனை முறை செய்தாலும் ஏறத்தாழ ஏழு விழுக்காடு குறைந்தது. பேரேட்டில் ஒரு தொகை இடித்தால் ‘இதர செலவு’ என்று எழுதி மூடிவிடும் கணக்கர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. விங்க்ளர் அந்த ரகம் இல்லை. தன் கைவேலையில் அவருக்கு நம்பிக்கை இருந்தது. பிழை தன்னிடம் இல்லையென்றால், தாதுவுக்குள் இன்னும் யாருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது என்றுதான் பொருள்.

அந்த ஒன்று ஏன் பிடிபடவில்லை என்பதுதான் இந்தக் கதையிலேயே எனக்குப் பிடித்த இடம். ஜெர்மானியத்தின் குளோரைடு 86 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும் திரவம். தாதுவைக் கரைத்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சூடாக்கினால் தேடும் பொருள் ஆவியாகிக் கூரைக்குப் போய்விடும். அதன் சல்பைடு வெள்ளை நிறம். அமிலம் குறைவாக இருந்தால் வீழ்படிவாகவே இறங்காது. இறங்கினாலும், தண்ணீரில் ஓரளவு கரையும் என்பதால் வடிதாளில் கழுவக் கழுவக் கரைந்து ஓடிவிடும். வழக்கமான பகுப்பாய்வு முறையின் ஒவ்வொரு படியிலும் தப்பிக்க அதற்கு ஒரு வழி இருந்தது.

விங்க்ளர் தாதுவைச் சோடாவோடும் கந்தகத்தோடும் சேர்த்து உருக்கி நீரில் கரைத்தார். கொஞ்சமாக அமிலம் விட்டு ஆர்செனிக், ஆண்டிமனி போன்றவற்றின் சல்பைடுகளை முதலில் வெளியேற்றினார். எஞ்சிய தெளிவான கரைசலில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தாராளமாக ஊற்றியபோது வெள்ளையாகக் கனத்த வீழ்படிவு இறங்கியது. அதை ஹைட்ரஜனில் சூடாக்கினால் சாம்பல் நிறத்தில் ஒரு தனிமம். 1886 பிப்ரவரி 6 அன்று காணாமல்போன ஏழு விழுக்காடு கைக்கு வந்துவிட்டது. முதலில் அதற்கு நெப்டியூனியம் என்று பெயரிட நினைத்தார். அந்தப் பெயரை வேறொருவர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்ததால் நாட்டின் பெயரையே சூட்டினார்.

பள்ளிப் பாடப்புத்தகங்கள் இதை, தனிமங்களை அட்டவணையாக வகுத்த மெண்டெலீவின் வெற்றியாக மட்டும் சொல்கின்றன. சிலிக்கானுக்குக் கீழே ஒரு தனிமம் இருக்க வேண்டும், அதன் அணு எடை 72, அடர்த்தி 5.5, அதன் குளோரைடு 100 பாகைக்குக் கீழே கொதிக்கும் என்று 1871இல் அவர் எழுதியது உண்மை. விங்க்ளர் அளந்தபோது அணு எடை 72.32, அடர்த்தி 5.47. அசரவைக்கும் பொருத்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணிப்பை நம்பி யாரும் ஹிம்மெல்ஸ்ஃபுர்ஸ்ட்டில் தோண்டவில்லை. புதிய தனிமம் கையில் கிடைத்த பிறகும் அது எந்தக் கட்டத்துக்கு உரியது என்று விங்க்ளருக்கும் மெண்டெலீவுக்கும் முதலில் பிடிபடவில்லை. ஆண்டிமனிக்கும் பிஸ்மத்துக்கும் நடுவே உள்ள வெற்றிடம் என்று விங்க்ளர் எண்ணினார். காட்மியத்துக்கும் பாதரசத்துக்கும் நடுவே என்று மெண்டெலீவே நினைத்தார்! இது சிலிக்கானுக்குக் கீழே வரும் என்று அவர் சொன்ன ‘ஏகா-சிலிக்கான்’தான் என்று எடுத்துச் சொன்னவர் விக்டர் ஃபான் ரிக்டர் என்ற இன்னொருவர். அட்டவணை பெரிய காரியம்தான். ஆனால் ஜெர்மானியத்தைக் கண்டெடுத்தது அட்டவணை இல்லை, கூட்டுத்தொகை நூறு வராததைப் பொறுத்துக்கொள்ள முடியாத ஒரு மனிதர். இந்தப் பங்கீட்டில் விங்க்ளருக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் கட்சி.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பூமியின் மேலோட்டில் ஜெர்மானியம் எவ்வளவு? சராசரியாக ஒரு டன் பாறையில் சுமார் ஒன்றரை கிராம். வெள்ளி அதில் இருபதில் ஒரு பங்குகூட வருமோ என்னவோ, அவ்வளவுதான். ஆனால் வெள்ளியை மனிதர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தோண்டி எடுத்துக் கொலுசும் காசும் செய்திருக்கிறார்கள். அதைவிடப் பல மடங்கு கூடுதலாக இருக்கும் ஜெர்மானியத்தை 1886 வரை ஒருவரும் கண்டதில்லை.

காரணம், ஜெர்மானியம் சேர்ந்து வாழ்வதில்லை. அளவிலும் பிணையும் முறையிலும் அது சிலிக்கானை ஒத்தது. மணலிலும் கருங்கல்லிலும் சிலிக்கான் அமரும் இடங்களில் ஒன்றிரண்டாகப் போய் உட்கார்ந்துவிடும். துத்தநாகத் தாதுவான ஸ்பேலரைட்டிலும், நிலக்கரியிலும் அப்படியே கலந்து மறையும். தனக்கென்று ஒரு கனிமம் அமைத்துக்கொள்ளும் அளவுக்கு ஓரிடத்தில் திரள்வது மிக அபூர்வம். ஆகவே உங்கள் அனுமானம் தலைகீழ்: ஆர்கிரோடைட் அரியது, ஆனால் அதில் உள்ள ஜெர்மானியம் அப்படி ஒன்றும் அரியது இல்லை.

இதன் நடைமுறை விளைவையும் பாருங்கள். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பார்டீனும் பிராட்டனும் செய்த முதல் டிரான்சிஸ்டர் ஜெர்மானியத் துண்டில்தான் இயங்கியது. இன்று ஒளியிழைக் கம்பிகளிலும் இருட்டில் பார்க்கும் அகச்சிவப்புக் கருவிகளின் வில்லைகளிலும் அது வேண்டும். 2023 ஆகஸ்டில் சீனா ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயம் என்றதும் பல நாடுகள் பதறின. இந்த ஜெர்மானியம் பெரும்பாலும் துத்தநாக ஆலைகளின் கழிவிலிருந்தும் நிலக்கரிச் சாம்பலிலிருந்தும் பிரித்தெடுக்கப்படுவது. அதைப் பெற்றுத் தந்த ஆர்கிரோடைட்டை யாரும் அதற்காகத் தோண்டுவதில்லை. ஃப்ரைபெர்க் வெள்ளிச் சுரங்கங்கள் 1913இல் மூடப்பட்டன.

ஃப்ரைபெர்க்குக்கு அடுத்தபடியாகப் பெயர்பெற்ற இடம் பொலிவியா. கொல்கெச்சாகா, பொத்தோசிப் பகுதிகளின் படிகங்கள் ஃப்ரைபெர்க்கின் மேலோடுகளைவிட வடிவானவை. அமெரிக்கரான சாமுவேல் பென்ஃபீல்டு 1893இல் அவற்றைப் பகுத்து, இது வேறு கனிமம் என்று கருதி, கான்ஃபீல்டு என்ற சுரங்கப் பொறியாளரின் பெயரால் கான்ஃபீல்டைட் என்றார். இரண்டும் ஒன்றே என்று தெரிந்ததும் அந்தப் பெயரை அங்கிருந்து எடுத்து, ஜெர்மானியத்துக்குப் பதில் வெள்ளீயம் நிறைந்த உறவுக் கனிமத்துக்குக் கொடுத்தார். இன்றும் கண்ணால் பார்த்து இவ்விரண்டையும் பிரிப்பது கடினம்.

ஆர்கிரோடைட்டின் படிகத்தில் ஒரு விசித்திரம். வெளித்தோற்றம் கனசதுர இனத்து எண்முகி போல இருக்கும், உள்ளமைப்போ செஞ்சாய்சதுர இனம். சூடான நிலையில் உள்ளே இருப்பதும் கனசதுர அமைப்புதான், ஆறியதும் அது மாறிவிடுகிறது. அந்தச் சூட்டில் வெள்ளி அயனிகள் கந்தகச் சட்டகத்துக்குள் இடம்விட்டு இடம் நகரும். வெள்ளியையும் ஜெர்மானியத்தையும் எடுத்துவிட்டு, லித்தியமும் பாஸ்பரசும் குளோரினும் போட்டு அதே சட்டகத்தைக் கட்டினால் என்ன ஆகும்? ஜெர்மனியின் சீகன் பல்கலைக்கழகத்தில் 2008இல் செய்து காட்டினார்கள். லித்தியம் அயனிகள் அறை வெப்பத்திலேயே திடப்பொருளுக்குள் சரளமாக ஓடின. திரவம் இல்லாத மின்கலங்களுக்கு இன்று முன்னணியில் நிற்கும் பொருள்களில் அதுவும் ஒன்று. அதன் பெயர் லித்தியம் ஆர்கிரோடைட், ஆனால் வெள்ளி அதில் துளியும் கிடையாது.

இனி உங்கள் கல். வெள்ளி விலையைக் கணக்குப் போட்டு இதை வாங்காதீர்கள், சேகரிப்பவர்கள் கொடுக்கும் விலைக்கும் உள்ளிருக்கும் வெள்ளிக்கும் தொடர்பு இல்லை. கத்தி நுனியால் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். ஈயம்போல வழித்துக்கொண்டு வந்தால் அது வெறும் வெள்ளி சல்பைடு. ஆர்கிரோடைட் நொறுங்கும். கான்ஃபீல்டைட் இல்லை என்று உறுதிப்படுத்த வேதிப் பகுப்பாய்வு வேண்டும். சீட்டில் ‘பொலிவியா’ என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது, சுரங்கத்தின் பெயரைக் கேளுங்கள். பெயரும் பகுப்பாய்வு அறிக்கையும் தர விற்பவர் தயங்கினால் வாங்க வேண்டாம். வாங்கிவிட்டால் வெளிச்சம் படாத பெட்டியில் வையுங்கள்.

அன்புடன்.