22 வயதுப் பெண்ணின் கணையத்தில் கட்டி

மாதக்கணக்கில் மேல்வயிற்றில் ஒரு பாரம். ‘கேஸ் டிரபிள்’ என்று மாத்திரை போட்டு ஓட்டியிருப்பார். வேறெதற்கோ ஸ்கேன் எடுக்கப்போக, கணையத்தில் சாத்துக்குடி அளவு கட்டி. இந்த வயதுப் பெண் என்றால் ஃபிரான்ட்ஸ் கட்டியாக இருக்குமோ என்று பார்ப்பது வழக்கம். அமெரிக்க மருத்துவர் வர்ஜீனியா ஃபிரான்ட்ஸ் 1959இல் விவரித்தது. இந்தக் கட்டி வருகிறவர்களில் 10க்கு 9 பேர் பெண்கள்.

செய்ய வேண்டியவை

• கணையப் புற்றுநோய் என்று கூகுளில் தேடிக் கலங்கும் முன், எந்த ரகம் என்று கேளுங்கள். ஃபிரான்ட்ஸ் கட்டி மெல்ல வளர்வது. முழுசாக எடுத்துவிட்டால் 100க்கு 95 பேருக்கு மேல் 5 ஆண்டு தாண்டுகிறார்கள்.

• சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படத்தைக் கணைய அறுவையில் கைதேர்ந்தவரிடம் காட்டுங்கள். சுற்றிலும் உறை, உள்ளே சதையும் ரத்தம் கசிந்த குழிகளும் கலந்து கிடக்கும். பல சமயம் படமே போதும். சந்தேகம் இருந்தால் எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் வழியாக ஊசியில் செல் எடுப்பார்கள்.

• கட்டி கணையத்தின் வால் பக்கம் என்றால், அதை ஒட்டியுள்ள மண்ணீரலைக் காப்பாற்ற முடியுமா என்று கேளுங்கள். எடுக்க வேண்டியிருந்தால், நிமோனியா, மூளைக்காய்ச்சல் தடுப்பூசிகளை ஆபரேஷனுக்கு 2 வாரம் முன்பே போட்டுவிட வேண்டும். தலைப்பக்கம் என்றால் ‘விப்பிள்’ என்ற பெரிய ஆபரேஷன்; அனுபவமுள்ள இடத்துக்கே போங்கள்.

செய்யக்கூடாதவை

• ‘வெறும் நீர்க்கட்டிதான், குழாய் விட்டு வடித்துவிடலாம்’ என்றால் உடனே தலையாட்டாதீர்கள். அப்படிப்பட்ட நீர்க்கட்டி பெரும்பாலும் கணைய அழற்சிக்கோ அடிபட்டதற்கோ பிறகு வருவது; இவருக்கோ கணைய அழற்சி வந்ததில்லை, வயிற்றில் அடிபட்டதில்லை. பிறகு அந்த நீர்க்கட்டி எங்கிருந்து வந்தது? என்னைக் கேட்டால், இந்த ஒரு கேள்வி பாதி தவறுகளைத் தடுக்கும்.

• சி.ஏ. 19-9 என்ற புற்றுநோய்க் குறியீட்டு ரத்தப் பரிசோதனை நார்மல் என்று நிம்மதி அடையாதீர்கள். இந்தக் கட்டியில் அது பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும்.

• ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்றில் வைத்திருக்கும் குழாயை எப்போது எடுப்பார்கள் என்று நச்சரிக்காதீர்கள். வெட்டிய இடத்தில் கணைய நீர் கசிகிறதா என்று 3ஆம் நாள் குழாய்த் திரவத்தில் அமைலேஸ் என்ற கணைய நொதியின் அளவைப் பார்ப்பார்கள்.

• கல்லீரலுக்குப் பரவிவிட்டது என்றாலும் கைவிடாதீர்கள். அங்கிருந்தும் வெட்டி எடுத்துப் பல ஆண்டு வாழ்பவர்கள் உண்டு.

• 5 ஆண்டு ஆயிற்றென்று ஸ்கேனை நிறுத்தாதீர்கள். மெல்ல வளர்வது மெல்லத்தான் திரும்பியும் வரும். மருத்துவ ஃபைலைக் கல்யாணமாகிப் போகும் வீட்டுக்கும் கூடவே எடுத்துப் போங்கள்.