அந்தத் துளையை அடைக்கலாமா?

கூரையில் ஓட்டை இருந்தால் அடைக்கிறோம். குடத்தில் ஓட்டை இருந்தாலும் அடைக்கிறோம். படகில் ஓட்டை என்றால் கேட்கவே வேண்டாம்! ஆனால், அடைத்தால் உயிருக்கே ஆபத்தாக முடியும் துளை ஒன்று பாய்மரப் படகில் உண்டு. அது ஏன் அங்கே இருக்கிறது என்பதை உங்கள் பாடப் புத்தகத்து இயற்பியலைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம். முயன்று பார்ப்போமா?

இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் 1960களிலும் 1970களிலும் கண்ணாடியிழையால் ஆன சிறு பாய்மரப் படகுகள் ஏராளமாகக் கட்டப்பட்டன. இங்கிலாந்தில் 1969இல் வெளிவந்த 26 அடி நீளமுள்ள ‘வெஸ்டர்லி சென்டார்’ என்ற வகைப் படகு மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல் கட்டப்பட்டது. கண்ணாடியிழை மரத்தைப் போல உளுத்துப் போவதில்லை. ஆகவே அக்காலப் படகுகளில் பல இன்றும் மிதக்கின்றன. ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாறிக்கொண்டும் இருக்கின்றன. எதை எதற்காக அமைத்தார்கள், முந்தைய உரிமையாளர் எதை மாற்றினார் என்பதைப் புதிதாக வாங்குபவர் தாமே துப்பறிய வேண்டியிருக்கிறது.

அப்படிப்பட்ட படகு ஒன்று உங்கள் கைக்கு வந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பின்பகுதியில், சுக்கான் பிடிப்பவர் உட்காரும் பலகையைத் தூக்கினால் கீழே சாமான் வைக்கும் அறைகள் தெரிகின்றன. இவற்றை லாக்கர் என்பார்கள். ஒன்றில் கயிறுகள், இன்னொன்றில் பாய்கள். மூன்றாவது சிறிய லாக்கர் மட்டும் விசித்திரமாக இருக்கிறது. அதன் நான்கு சுவர்களிலும் சிறு இடுக்குகூட இல்லை. மூடி மேலே மட்டுமே உண்டு. ஆனால் தரையின் மிகத் தாழ்ந்த இடத்தில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு துளை! அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் சரிவாக இறங்கி, நீர்மட்டத்துக்கு மேலே படகின் வெளிப்புறத்தில் திறக்கிறது.

நீங்கள் என்ன செய்வீர்கள்? அலை நீர் ஏறிவிடும் என்று துளைக்குத் தக்கை வைப்பீர்கள். பக்கச் சுவரைக் குடைந்து உள்ளறையிலிருந்து மின் கம்பி இழுத்து விளக்குப் போடுவீர்கள். காலியிடத்தில் ஒரு நங்கூரத்தையும் வைப்பீர்கள். மூன்றும் நல்ல யோசனைகளாகத்தான் தோன்றும். ஆனால் மூன்றுமே தவறு! அது சமையல் வாயு சிலிண்டரின் இருப்பிடம்.

சமையல் வாயுவில் பெரும்பாலும் இருப்பவை புரோப்பேனும் பியூட்டேனும். புரோப்பேனின் மூலக்கூறு எடை 44, பியூட்டேனுடையது 58, காற்றின் சராசரி ஏறத்தாழ 29. அதாவது புரோப்பேன் காற்றைப் போல் ஒன்றரை மடங்கு கனமானது. பியூட்டேன் இரு மடங்கு கனமானது. ஆகவே கசியும் வாயு மேலே எழும்புவதில்லை. தரையை ஒட்டி நீரைப் போல் வழிந்து பள்ளத்தை நாடுகிறது.

வீட்டில் கதவைத் திறந்தால் அது வாசல் வழியே வெளியேறிவிடும். படகிலோ வாசல் மேலே இருக்கிறது! படகு ஒரு பெரிய கிண்ணம். வெளிநீர் உள்ளே புகாத கிண்ணத்திலிருந்து கனமான வாயுவும் தானாக வெளியேற முடியாது. அது அடித்தளப் பலகைக்குக் கீழேயுள்ள பள்ளத்தில் தேங்கிவிடும்.

எவ்வளவு தேங்கினால் ஆபத்து? கணக்கிட்டுப் பாருங்கள். காற்றில் ஏறக்குறைய 2 சதவீதம் கலந்தாலே இவ்வாயு தீப்பற்றும் கலவையாகிவிடும். உள்ளறையின் பருமன் 12 கன மீட்டர், அதாவது 12,000 லிட்டர் என்று கொள்வோம். அதில் 2 சதவீதம் 240 லிட்டர். சாதாரண வெப்பநிலையில் ஒரு மோல் வாயு ஏறத்தாழ 24 லிட்டர் இடத்தை அடைக்கும். எனவே 10 மோல், அதாவது 440 கிராம் புரோப்பேன் அறை முழுவதற்கும் போதும். ஒரு கன மீட்டர் அளவுள்ள அடிப்பள்ளத்தில் மட்டும் தேங்கினால் 37 கிராமே போதும்! பிறகு நீர் இறைக்கும் மின் பம்பு கிளப்பும் ஒரு சிறு தீப்பொறி வெடிவிபத்தை உண்டாக்கிவிடும்.

இப்போது லாக்கரின் விசித்திரங்கள் எல்லாம் விளங்குகின்றன அல்லவா? சுவரில் இடுக்கு இல்லாதது, வாயு உள்ளறைக்குப் போகாமலிருக்க. அடியில் துளை இருப்பது, கனமான வாயு கடலின் பக்கம் வழிந்து போக. தக்கை வைத்தால் அந்த வழி அடைபடும். சுவரைக் குடைந்தால் உள்ளறைக்குப் புது வழி கிடைக்கும். மின் விளக்கோ தீப்பொறிக்கு இடம் தரும். நங்கூரம் உருண்டு ரெகுலேட்டரில் மோதினால் கசிவும் தொடங்கிவிடும்.

துளை திறந்திருந்தால் மட்டும் போதுமா? போதாது. ஒரு குவளை நீரை லாக்கருக்குள் ஊற்றுங்கள். ஊற்றிய நீர் முழுவதும் வெளியே வருகிறதா? உள்ளே சொட்டினால் குழாயில் வெடிப்பு இருக்கிறது. குறைவாக வந்தால் குழாய் நடுவில் தொய்ந்து, அந்தத் தொய்வில் நீர் தங்கியிருக்கிறது. ‘கொஞ்சம் நீர்தானே, வாயு தள்ளிக்கொண்டு போகாதா?’ என்று கேட்பீர்கள். அதையும் கணக்கிடுவோம்.

புரோப்பேனின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1.83 கிலோகிராம், காற்றின் அடர்த்தி 1.2. வேறுபாடு 0.63. லாக்கரில் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு வாயு நின்றாலும், அது தரும் அதிகப்படி அழுத்தம் 0.3 × 0.63 × 9.8, அதாவது ஏறத்தாழ 1.9 பாஸ்கல். இது 0.2 மில்லிமீட்டர் நீர் தரும் அழுத்தம்தான்! தொய்வில் 5 சென்டிமீட்டர் நீர் நின்றால் வாயுவால் அதை அசைக்கவே முடியாது. கழுவு தொட்டிக்குக் கீழே வளைந்த குழாயில் தங்கும் நீர் சாக்கடை நாற்றத்தைத் தடுக்கிறதே, அதே தத்துவம். அங்கே நன்மை; இங்கே தீமை!

சரியான மாற்றங்கள் இவையே: குழாயைக் குட்டையாக்கி, தொடக்கம் முதல் முடிவு வரை சரிந்தே போகும்படி பிடித்துக் கட்ட வேண்டும். இன்றைய பன்னாட்டுத் தரவிதி அதன் உள்விட்டம் குறைந்தது 19 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. சுவரில் முன்பு யாரோ போட்ட துளைகளைக் கண்ணாடியிழையும் பிசினும் கொண்டு மூட வேண்டும். வெறும் சாமான் அறையிலேயே சிலிண்டரை வைத்திருந்த பழைய படகானால், உள்ளே தனிப்பெட்டி ஒன்றைக் கட்ட வேண்டும். அப்பெட்டியின் தரை நீர்மட்டத்துக்கு மேலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் குழாய் எங்கே சரிந்து வெளியேறும்? வாயுக் குழாய் இணைப்புகளை மட்டும் அத்தொழிலில் தேர்ந்தவரே செய்ய வேண்டும்.

இத்தத்துவத்தை ஆபத்தில்லாமல் சோதிக்க ஒரு வழி உண்டு. கார்பன் டை ஆக்சைடின் மூலக்கூறு எடையும் 44தான்! ஆசிரியர் உடனிருக்க, உயரமான கண்ணாடிப் பாத்திரத்தில் சமையல் சோடாவும் வினிகரும் கலந்து, நுரை அடங்கியதும் பாத்திரத்தை மெல்லச் சாய்த்து, திரவம் சிந்தாமல் வாயுவை மட்டும் ஒரு காகித வாய்க்காலில் ஊற்றுங்கள். மறுமுனையிலுள்ள மெழுகுவர்த்தி அணைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத வாயு நீரைப் போல் ஓடுவதை அறிவீர்கள். சமையல் வாயுவைக் கொண்டு எந்தச் சோதனையும் செய்யவே கூடாது.

கடைசியாக ஒரு வேலை. உங்கள் வீட்டில் 14.2 கிலோகிராம் சிலிண்டர் சமையல் மேடைக்கு அடியில் கதவுபோட்ட அறையில் இருக்கிறதா? அக்கதவின் அடியில் காற்றுப் போக்கு இருக்கிறதா என்று இன்றே குனிந்து பாருங்கள். கரப்பான் பூச்சி வருகிறதென்று யாராவது அட்டை வைத்து அடைத்திருந்தால், அதை எடுத்துவிட்டுக் கம்பி வலை போடச் சொல்லுங்கள். ஏன் என்று அம்மா கேட்டால், 44க்கும் 29க்கும் உள்ள வேறுபாட்டை நீங்களே விளக்குங்கள்.