மூச்சிரைப்புக்கு அஞ்சி நடையை நிறுத்தலாமா?

"நான்கு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. இந்த நிலையில் உடற்பயிற்சி செய்வது ஆபத்து இல்லையா?" சி.ஓ.பி.டி. எனப்படும் நெடுநாள் நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அளவறிந்து செய்யும் உடற்பயிற்சி இந்நோயாளிகளுக்குத் தீங்கு விளைவிப்பதில்லை. இன்ஹேலரைப் போலவே அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதி. அது ஏன் தேவை, எவ்வாறு தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

ஓய்வு நோயை வளர்க்கும் விதம்

புகைபிடித்தல், ஆண்டுக்கணக்கில் சுவாசித்த விறகடுப்புப் புகை, தொழிலிடத் தூசு ஆகியவை மூச்சுக்குழாய்களைச் சுருங்கச் செய்கின்றன. சுருங்கிய குழாய் வழியே காற்று வெளியேற அதிக நேரம் பிடிக்கிறது. வேகமாக நடக்கும்போது மூச்சின் வேகமும் கூடுகிறது. பழைய காற்று முழுவதும் வெளியேறும் முன்பே அடுத்த மூச்சை இழுக்க வேண்டியிருப்பதால் நுரையீரலில் காற்று தேங்குகிறது. "மூச்சை உள்ளே இழுக்க முடியவில்லை" என்று நோயாளி உணர்கிறார். உண்மையில், உள்ளே இருக்கும் காற்று வெளியேறாததே அவருடைய இடர்ப்பாடு.

இவ்வாறு பாதிக்கப்பட்ட ஒருவரை எண்ணிப் பாருங்கள். மூச்சு வாங்குவதால் முதலில் சந்தைக்கு நடந்து செல்வதை நிறுத்துகிறார். சில மாதங்களில் கோயிலுக்குச் செல்வதும் நின்றுபோகிறது. பிறகு மாடி ஏறுவதில்லை. இறுதியில் குளியலறைக்குச் செல்லவும் துணை தேவைப்படுகிறது. நுரையீரல் கெட்டுக்கொண்டே போனதால்தான் இந்நிலை வந்தது என்று வீட்டார் கருதுகின்றனர். அதில் ஒரு பகுதியே உண்மை.

பயன்படுத்தாத தசை மெலியும். மெலிந்த கால் தசை, கிடைக்கும் ஆக்சிஜனை நன்கு பயன்படுத்த இயலாமல், சிறிது தூரம் நடந்த உடனேயே லாக்டிக் அமிலத்தைச் சுரக்கிறது. அந்த அமிலத்தைச் சமன்செய்யும்போது கூடுதலாகக் கரியமில வாயு உண்டாகிறது. அதை வெளியேற்றும் சுமை, ஏற்கெனவே தளர்ந்துள்ள நுரையீரலின்மேல் விழுகிறது. ஆகவே நோயாளி உணரும் மூச்சிரைப்பில் ஒரு பங்கு நுரையீரலிலிருந்தும், மற்றொரு பங்கு வலுவிழந்த கால்களிலிருந்தும் வருகிறது. முதற்பங்கை மருந்து குறைக்கும். இரண்டாம் பங்கைக் குறைக்கும் மாத்திரை எதுவும் இல்லை. அதற்குரிய மருந்து உடற்பயிற்சியே.

பயிற்சி எதை மாற்றும், எதை மாற்றாது

உடற்பயிற்சி சேதமுற்ற நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது. ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதும் பரிசோதனையின் எண்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதைக் கண்டு மனம் தளர வேண்டாம். அதே நுரையீரலுடன் நீங்கள் செல்லும் தூரம் கூடும். அதே தூரத்திற்கு இரைப்பு குறையும்.

இந்நோயாளிகளுக்கு ஓய்வையே அறிவுறுத்திய காலம் ஒன்று இருந்தது. 1960-களில் அமெரிக்காவின் டென்வர் நகரில் டாக்டர் தாமஸ் பெட்டியும் அவருடைய குழுவினரும், நடைப்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, நோய் பற்றிய கல்வி ஆகியவற்றை இணைத்து நோயாளிகளைப் பராமரிக்கத் தொடங்கினர். இன்று இது நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி என்று வழங்கப்படுகிறது. 65 ஆய்வுகளையும் 3,822 நோயாளிகளையும் உள்ளடக்கி 2015-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, இப்பயிற்சி மூச்சிரைப்பையும் களைப்பையும் குறைத்து, வாழ்க்கைத் தரத்தை உயர்த்துகிறது என்று உறுதிப்படுத்தியது.

தொடங்கும் முன்

முதலில் உங்கள் மருத்துவரைக் காணுங்கள். இதயநோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், மூட்டுக் கோளாறு ஆகியவை உள்ளனவா என்று அவர் பார்ப்பார். பின்னர் 6 நிமிட நடைப் பரிசோதனை நடைபெறும். சமதளத்தில் 6 நிமிடங்களில் நீங்கள் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள், அப்போது ஆக்சிஜன் அளவு குறைகிறதா என்பவை அதில் தெரியவரும். உங்களுக்கேற்ற பயிற்சி அளவை அதைக்கொண்டு வகுக்கலாம்.

விரைவில் செயல்படும் இன்ஹேலரைப் பயிற்சிக்குச் சுமார் 15 நிமிடங்களுக்கு முன்பு பயன்படுத்த மருத்துவர் அறிவுறுத்தியிருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். வயிறு நிறைய உண்ட பின் ஒரு மணி நேரமாவது கழித்துத் தொடங்குங்கள். வீட்டில் ஆக்சிஜன் பயன்படுத்துவோர் பயிற்சியின்போது எவ்வளவு வைக்க வேண்டும் என்பதை மருத்துவரிடமே கேட்டறிய வேண்டும். தாமாகக் கூட்டுவது சிலருக்கு உடலில் கரியமில வாயு மிகுவதற்குக் காரணமாகலாம்.

காசநோய் ஆறிய பின் நுரையீரலில் தழும்பு உள்ளவர்களுக்கும் இப்பயிற்சி பயன் தரும். நுரையீரல் நார்த்திசு நோய் உள்ளவர்களுக்கு நடக்கும்போது ஆக்சிஜன் விரைந்து குறையக்கூடும். ஆதலால் அவர்கள் முதல் சில வாரங்கள் மருத்துவமனையில் கண்காணிப்புடன் பயிற்சி பெறுவது நல்லது.

நடைப்பயிற்சி

தொடர்ந்து நடக்க இயலாதவர்கள் இடைவெளி விட்டு நடக்கலாம். 3 நிமிடங்களில் மூச்சிரைப்பு வருமானால், 2 நிமிடம் நடந்து, 1 அல்லது 2 நிமிடம் நின்று, மீண்டும் நடங்கள். இவ்வாறு 5 முறை செய்தால் 10 நிமிட நடை முடிந்துவிடும். வாரந்தோறும் நடக்கும் நேரத்தைச் சிறிது கூட்டி, ஓய்வைக் குறையுங்கள். வாரத்தில் 3 முதல் 5 நாட்கள், நாளொன்றுக்கு 20 முதல் 30 நிமிடங்கள் என்பதை இலக்காகக் கொள்ளலாம். வேகத்தைக் கூட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எவ்வளவு இரைப்பு வரை செல்லலாம்? இரைப்பே இல்லாத நிலையை 0 என்றும், தாங்கவே முடியாத நிலையை 10 என்றும் கொள்ளுங்கள். பயிற்சியின்போது 3 அல்லது 4 இருப்பது சரியான அளவு. அந்நிலையில் சிறுசிறு வாக்கியங்களாகப் பேச முடியும். 0 அல்லது 1 மட்டுமே என்றால் தசைக்குப் போதிய வேலை இல்லை. 5-ஐத் தாண்டினால் வேகத்தைக் குறையுங்கள். இந்த அளவான இரைப்பு நுரையீரலைச் சேதப்படுத்தாது. நின்று ஓய்வெடுத்தால் சில நிமிடங்களில் அது தணிந்துவிடும்.

குப்பை எரிக்கும் புகை, வாகனப்புகை, நண்பகல் வெயில் ஆகியவற்றைத் தவிருங்கள். அத்தகைய நாட்களில் வீட்டுக் கூடத்திலோ தாழ்வாரத்திலோ நடக்கலாம்.

மூச்சைக் கையாளும் முறை

மூக்கின் வழியாக 2 எண்ணும் வரை மூச்சை இழுங்கள். விளக்கின் சுடரை அணைக்காமல் அசைப்பது போல, குவித்த உதடுகள் வழியே 4 எண்ணும் வரை மெல்ல வெளிவிடுங்கள். இது மூச்சுக்குழாய்கள் முன்கூட்டியே மூடிக்கொள்ளாமல் காத்து, தேங்கிய காற்று வெளியேற உதவுகிறது. படி ஏறும்போது நின்று மூச்சை இழுத்து, வெளிவிடும்போது காலை எடுத்து வையுங்கள். எடை தூக்கும்போதும் இவ்வாறே, சிரமமான பகுதியில் மூச்சை வெளிவிட வேண்டும். எந்த வேலையிலும் மூச்சை அடக்காதீர்கள்.

இரைப்பு மிகுந்தால் நாற்காலியில் அமர்ந்து முன்சாய்ந்து, முழங்கைகளைத் தொடைகளின்மேல் ஊன்றுங்கள். வெளியிடத்தில் என்றால் சுவரிலோ மேசையிலோ கைகளை ஊன்றி நிற்கலாம்.

தசைக்கு வலுவூட்டல்

கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வது தொடைத் தசைக்கு நல்ல பயிற்சி. 5 முறையில் தொடங்கி 10 வரை கொண்டுசெல்லுங்கள். இயலாதவர்கள் முதலில் கைகளை ஊன்றியே எழலாம்.

தலை வாரும்போதும் துணி உலர்த்தும்போதும் மிகுதியாக மூச்சு வாங்குவதை நீங்கள் கவனித்திருக்கலாம். மூச்சுவிட உதவும் தோள், கழுத்துத் தசைகள் அப்போது கையைத் தூக்கும் வேலையிலும் ஈடுபட்டுவிடுகின்றன. அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியைக் கையில் பிடித்து, மெல்ல உயர்த்தித் தாழ்த்துவது இத்தசைகளைப் பழக்கும். வலுவூட்டும் பயிற்சி வாரத்திற்கு 2 அல்லது 3 நாட்கள் போதும். உடல் மெலிந்தவர்கள் முட்டை, பருப்பு, பால், மீன் போன்ற புரதமிக்க உணவைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் தசை வளராது.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

- மார்பில் வலி அல்லது இறுக்கம்
- தலைசுற்றல், மயக்க உணர்வு, குளிர்ந்த வியர்வை
- சீரற்ற அல்லது மிக வேகமான இதயத்துடிப்பு
- உதடு, நகம் நீலம் பாய்தல்
- ஆக்சிமீட்டரில் அளவு 88 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்குதல்
- ஓய்வெடுத்து 10 நிமிடங்களாகியும் தணியாத மூச்சிரைப்பு

ஆக்சிஜன் குறைந்தால் அமர்ந்து ஓய்வெடுத்து, மருத்துவரிடம் தெரிவித்த பின்பே மீண்டும் நடக்கத் தொடங்குங்கள். மார்பு வலியோ மயக்கமோ, தணியாத இரைப்போ இருந்தால் காலம் தாழ்த்தாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள்.

காய்ச்சல், சளியின் அளவு கூடுதல், சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுதல் ஆகியவை நோய் தீவிரமடைவதைக் காட்டலாம். அந்நாட்களில் பயிற்சியை நிறுத்தி, மருத்துவரைக் காண வேண்டும். மருத்துவமனையில் படுத்திருக்கும் சில நாட்களிலேயே தசை வலுவிழக்கிறது. எனவே வீடு திரும்பிய பின், மருத்துவரின் ஒப்புதலுடன் முதல் 4 வாரங்களுக்குள் பயிற்சியைத் தொடங்குவது நல்லது. முன்பு நடந்ததில் பாதியிலிருந்து தொடங்குங்கள்.

குடும்பத்தினர் கவனத்திற்கு

"நீங்கள் எழ வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பது அன்பினால் சொல்லும் சொல். ஆயினும் எல்லா வேலைகளையும் அவர் கையிலிருந்து வாங்கிவிட்டால், எஞ்சியிருக்கும் வலுவும் கரைந்துவிடும். பூந்தொட்டிக்கு நீர் ஊற்றுவது, காய் நறுக்குவது, தம் குவளையைத் தாமே எடுத்து வருவது போன்றவற்றை அவருக்கே விட்டுவிடுங்கள். உடன் நடக்கும்போது அவருடைய வேகத்தில் நடங்கள். பேச்சுக் கொடுத்து மூச்சை வாங்கச் செய்யாதீர்கள். இரைப்பு வந்தால் பதறாமல், உதடு குவித்து மூச்சுவிட நினைவூட்டுங்கள். இன்ஹேலர் எப்போதும் உடன் இருக்கட்டும்.

விறகடுப்பில் சமைக்கும் பெண்கள் பலர், "நாள் முழுதும் வேலைதானே செய்கிறேன்" என்பார்கள். புகையில் நின்று செய்யும் வேலை பயிற்சி ஆகாது. அவர்களைப் புகையிலிருந்து விலக்கி, நடப்பதற்கென 20 நிமிடம் ஒதுக்கித் தருவது வீட்டாரின் பொறுப்பு.

வழக்கமாக 6 முதல் 12 வாரப் பயிற்சியில் முன்னேற்றம் தெரியும். நிறுத்திவிட்டால் அது சில மாதங்களில் மெல்ல மறைந்துபோகும். ஆதலால் இதை மருந்தைப் போலவே தொடர வேண்டும். நாள்தோறும் நடந்த நேரம், இரைப்பின் எண், இடையில் நின்ற முறைகள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி, அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது கொண்டுவாருங்கள். உங்கள் பயிற்சியை எவ்வளவு கூட்டலாம் என்பதை அதைப் பார்த்தே முடிவு செய்யலாம்.