சத்தம் எங்கே போச்சு? பழைய டாஸ் கணினியும் மூன்று எண்களும்



இந்தத் தடவை கணினிப் பகுதிக்கு என்னை எழுதச் சொன்னார்கள். இன்டர்நெட்டின் நன்மை தீமை, செல்போனின் நன்மை தீமை எல்லாம் நிறைய பேர் எழுதிட்டாங்க. அதனால் நான் பழைய டாஸ் கணினியில் விளையாட்டுகளைச் சத்தத்தோடு ஓட வைப்பது எப்படி என்று எழுதுகிறேன். நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். பயப்படாதீங்க, வகுத்தல் மட்டும்தான்.

டாஸ் என்பது 1981-இல் ஐ.பி.எம். கணினியோடு வந்த இயக்க அமைப்பு. விண்டோஸ் நன்றாகப் பரவும் வரை அதுதான் ராஜா. கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. விளையாட்டின் பெயரை டைப் செய்து என்டர் தட்டினால் விளையாட்டு வரும். படம் வரும். ஆனா சத்தம் வருமா என்பதுதான் கேள்வி.

எங்க மாமா டவுன் பஜாரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வச்சிருக்காரு. அங்கே பழைய 486 கணினி ஒன்று இருக்கு. லீவு நாளில் நான் இதையெல்லாம் கத்துக்கிட்டது அதில்தான். கடைக்கு மாசத்துக்கு ஒரு தடவை பழைய இரும்புக்காரர் வருவார். "படம் வருது, சத்தம் வரல, சவுண்டு கார்டு போச்சு" என்று சொல்லிப் பல பெட்டிகளை எடைக்குப் போட்டுட்டுப் போறாங்க. அதில் பாதி கார்டு நல்லா இருக்கும் என்று மாமா சொல்வார். கார்டு ஒரு எண்ணைச் சொல்லும், விளையாட்டு வேறு எண்ணைக் கேட்கும், அவ்வளவுதான் வியாதி. மூணு எண் பொருந்தாததால் ஒரு கணினி தராசுக்குப் போகுது!

இது ஏன் என்று புரிய வேண்டுமானால் முதலில் ஒன்றைத் தெரிஞ்சுக்கணும். இப்போதைய கணினியில் விளையாட்டு நேரடியாக ஒலி எழுப்பாது. "இந்தச் சத்தத்தைப் போடு" என்று விண்டோஸிடம் சொல்லும். மீதியை விண்டோஸ் பார்த்துக்கும். டாஸில் அப்படி நடுவில் ஆள் கிடையாது. விளையாட்டை எழுதினவரே ஒவ்வொரு கார்டின் பாஷையையும் கற்று, கார்டோடு நேராகப் பேச வேண்டும். அதனால்தான் பழைய விளையாட்டுகளில் செட்டப் என்று தனியாக ஒரு நிரல் இருக்கும். "உன்னிடம் எந்தக் கார்டு இருக்கு, அது எந்த எண்ணில் இருக்கு?" என்று அது நம்மையே கேட்கும். நாம் தப்பாகச் சொன்னால் விளையாட்டு தப்பான கதவைத் தட்டும்.

கார்டே இல்லாத காலத்தில் பெட்டிக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கர் மட்டும் இருந்தது. கணினியை ஆன் பண்ணினால் 'பீப்' என்று கேட்குமே, அதுதான். அதை இயக்குவது ஒரு நேரக் கடிகாரச் சில்லு. அது ஒரு விநாடிக்கு 11,93,182 தடவை துடிக்கும். நமக்கு 440 துடிப்புள்ள சுரம் வேண்டுமென்றால் 1193182-ஐ 440 ஆல் வகுக்கணும். கிட்டத்தட்ட 2712 வரும். அந்த எண்ணைச் சில்லுக்குக் கொடுத்தால் அந்தச் சுரம் கேட்கும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரம்தான். ஒரே ஓட்டை உள்ள புல்லாங்குழலை யாரோ வேகமாக ஊதுவது மாதிரி இருக்கும்! 1990 டிசம்பரில் வந்த கமாண்டர் கீன் விளையாட்டின் முதல் பாகம் இந்த ஸ்பீக்கரை மட்டும் நம்பி வந்தது. (கீன் என்பவன் எட்டு வயசுப் பையன். வீட்டுச் சாமான்களை வச்சு ராக்கெட் செய்து செவ்வாய்க்குப் போறான்.) அதே கீனின் நான்காம் பாகம் 1991 டிசம்பரில் வந்தது. அதில் நிஜமான பாட்டு இருக்கு. ஒரே வருஷம்தான் இடைவெளி.

அந்தப் பாட்டு வரக் காரணம் ஆட்லிப் என்ற கார்டு. கனடா நாட்டில் கியூபெக்கில் இசைப் பேராசிரியராக இருந்த மார்ட்டின் பிரேவெல் என்பவர் தொடங்கிய நிறுவனம் அதை 1987-இல் கொண்டு வந்தது. அதற்குள் யமஹா நிறுவனத்தின் சில்லு இருந்தது. ஒரே நேரத்தில் ஒன்பது குரல் வரும். ஆனா அது பதிவு செய்த ஒலி இல்லை. இந்தச் சுரம், இவ்வளவு நேரம், இந்த மாதிரி வாத்தியம் என்று விளையாட்டு எழுதிக் கொடுக்கும், சில்லு அந்த நிமிஷமே வாசிக்கும். மனுஷக் குரல், வெடிச் சத்தம் எல்லாம் அதில் சரியாக வராது.

அந்தக் குறையைத் தீர்த்தவர் சிங்கப்பூரைச் சேர்ந்த சிம் வோங் ஹூ. அவருடைய கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் சவுண்ட் பிளாஸ்டர் கார்டை வெளியிட்டது. அதில் ஆட்லிப்பின் அதே யமஹா சில்லும் இருந்தது, பதிவு செய்த ஒலியைப் போடும் வசதியும் இருந்தது, ஜாய்ஸ்டிக் செருக ஒரு இடமும் இருந்தது. ஒரு கார்டில் மூணு. வாங்குறவங்க எதை வாங்குவாங்க? ஆட்லிப் நிறுவனம் 1992-இல் திவால் ஆனது. எனக்கு அது கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கு.

பதிவு செய்த ஒலி என்றால் எண்களின் வரிசைதான். 0 முதல் 255 வரை ஏதாவது ஒரு எண், விநாடிக்கு ஏறத்தாழ 22,000 எண்கள். அந்தக் காலத்துப் பிளாப்பி ஒன்றில் 14,74,560 எண்கள் அடங்கும். வகுத்துப் பாருங்க, ஒரு முழு பிளாப்பியும் சுமார் 67 விநாடிச் சத்தத்துக்குத்தான் காணும்! அதனால்தான் பல விளையாட்டுகளில் பாட்டை ஆட்லிப் சில்லிடம் விட்டுவிட்டு, வெடி, கத்தல் போன்ற சின்னச் சின்ன ஒலிகளை மட்டும் பதிவாக வைத்தார்கள்.

இனி அந்த மூணு எண்கள். இதுதான் பாடத்தின் முக்கியப் பகுதி.

முதலாவது, முகவரி. கார்டின் வீட்டு நம்பர். சவுண்ட் பிளாஸ்டருக்கு வழக்கமாக 220. இது நம்ம இருநூற்று இருபது இல்லை, பதினாறடிமான எண். இரண்டு 256-ம் இரண்டு 16-ம் கூட்டினால் 544. ஆட்லிப் சில்லுக்கு மட்டும் 388 என்று தனி வீட்டு நம்பர் உண்டு. இதை நினைவில் வச்சுக்கோங்க, பின்னால் உதவும்.

இரண்டாவது, குறுக்கீட்டு எண். இதைப் பஸ் கண்டக்டர் விசில் என்று நினைச்சுக்கோங்க. டிரைவர் பாட்டுக்கு ஓட்டிக்கிட்டு இருப்பார். விசில் கேட்டால்தான் நிறுத்துவார். கார்டு தன்னிடம் உள்ள ஒலித் துண்டை வாசித்து முடித்ததும் ஒரு விசில் கொடுக்கும். உடனே விளையாட்டு அடுத்த துண்டைத் தயார் செய்யும். முதல் சவுண்ட் பிளாஸ்டரில் இது 7. பிரிண்டருக்கும் அதே 7 என்பதால் சில கணினிகளில் தகராறு வரும். பின்னால் 1992-இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் 16-இல் வழக்கமாக 5.

மூன்றாவது எண் நமக்கு ரொம்பச் சுலபமாகப் புரியும். வயலுக்குக் கிணத்துத் தண்ணியைக் குடம் குடமாகத் தூக்கினால் ஆள் அசந்து போவான். வாய்க்கால் வெட்டினால் தண்ணி தானே போகும், ஆள் வேறு வேலை பார்க்கலாம். அதே மாதிரி நினைவகத்திலிருந்து கார்டுக்கு ஒலி எண்கள் தானாக ஓட ஒரு வாய்க்கால் இருக்கு. அதன் எண் வழக்கமாக 1.

இந்த மூணையும் ஆட்டோஎக்ஸெக் என்ற கோப்பில் ஒரே வரியாக எழுதி வைப்பார்கள். 'செட் பிளாஸ்டர்' என்று தொடங்கி, ஏ என்ற ஆங்கில எழுத்தோடு முகவரி, ஐ என்ற எழுத்தோடு குறுக்கீட்டு எண், டி என்ற எழுத்தோடு வாய்க்கால் எண். அதாவது ஏ220 ஐ5 டி1. பல விளையாட்டுகள் இந்த வரியைப் படித்துத்தான் கார்டைத் தேடும். இங்கே நிறைய பேர் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கு. இந்த வரி வெறும் பெயர்ப் பலகைதான். பலகையில் நம்பரை மாற்றி எழுதினால் வீடு நகர்ந்து போகாது! பழைய கார்டுகளில் ஜம்பர் என்று குட்டிப் பிளாஸ்டிக் தொப்பிகள் இருக்கும். அதை எந்த ஊசியில் மாட்டியிருக்கு என்பதுதான் உண்மையான எண்ணைச் சொல்லும். பின்னால் வந்த கார்டுகளுக்கு எண் கொடுக்க அதோடு வந்த நிரலை ஓட்டணும்.

டாக்டர் நாடி பார்ப்பது மாதிரி சத்தத்தை வைத்தே எந்த எண் தப்பு என்று ஓரளவு சொல்லலாம். கார்டே இல்லை என்று விளையாட்டு சொன்னால் முகவரியைப் பாருங்க. ஒரு துண்டுச் சத்தம் வந்து நின்றுவிட்டாலோ, அதே துண்டு திரும்பத் திரும்ப வந்தாலோ விசில் போய்ச் சேரவில்லை, அதாவது குறுக்கீட்டு எண் தப்பு. கார்டு இருக்குன்னு சொல்லுது, ஆனா மூச்சே இல்லை என்றால் வாய்க்காலைச் சந்தேகப்படலாம். சில கார்டுகளின் பின்பக்கம் ஒலி கூட்டிக் குறைக்கும் சக்கரம் ஒன்று இருக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் அதைத் திருப்பிப் பாருங்க. சிரிக்காதீங்க, நிஜமாகத்தான் சொல்றேன்.

எண்கள் சரியாக இருந்தும் "நினைவகம் போதவில்லை" என்று சில விளையாட்டுகள் கோபித்துக் கொள்ளும். டாஸ் நிரல்களுக்குக் கிடைக்கும் முக்கிய இடம் 640 கிலோபைட்தான். கணினியில் எத்தனை மெகாபைட் இருந்தாலும் அந்த முன்னறை அவ்வளவுதான். மவுஸ், சி.டி. டிரைவ் இவற்றின் நிரல்கள் அங்கே உட்கார்ந்தால் விளையாட்டுக்கு இடம் குறையும். கான்ஃபிக் கோப்பில் ஹைமெம் என்ற நிரலையும் 'டாஸ்=ஹை' என்ற வரியையும் சேர்த்தால் டாஸின் ஒரு பகுதி மேலே மாறிக் கொள்ளும்.

இன்னொரு வேடிக்கை, கணினி வேகமாக இருப்பதும் குற்றம்! ஜாஸ் ஜாக்ராபிட் என்று 1994-இல் வந்த முயல் விளையாட்டு இருக்கு. ரொம்ப நல்ல பாட்டு, அத்தனையும் பதிவு முறையில் வரும். அது பாஸ்கல் மொழியில் எழுதப்பட்டது. தொடங்கும்போது கணினியின் வேகத்தை அளக்க, கொஞ்ச நேரத்தில் எத்தனை சுற்று எண்ண முடிகிறது என்று பார்த்து அதை 55 ஆல் வகுக்கும். சுமார் 200 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வேகமான கணினியில் ஈவு 65,535-ஐத் தாண்டிவிடும். அந்தப் பெட்டிக்குள் அதற்கு மேல் எண் அடங்காது. உடனே '200-ஆம் எண் பிழை' என்று சொல்லி நின்றுவிடும். அதைத் திருத்தும் நிரல்கள் இருக்கு. இல்லையென்றால் 486-இல் விளையாட வேண்டியதுதான். 486-இல் கூட டர்போ என்ற பொத்தான் இருக்கும். அது ஏறத்தாழ வேகத்தைக் குறைக்கத்தான் பயன்படும், பேரைப் பார்த்து ஏமாறாதீங்க.

பெட்டியைத் திறக்கப் போறவங்களுக்கு: பிளக்கைக் கழற்றிவிட்டு, முதலில் பெட்டியின் உலோகத்தைத் தொட்டுவிட்டுக் கார்டைத் தொடணும். கரண்ட் வரும் பெட்டியைத் திறக்கவே கூடாது. 386, 486 போர்டுகளில் பீப்பாய் வடிவில் ஒரு சின்ன பேட்டரி இருக்கும். அது கசிந்தால் செம்புக் கோடுகளை அரித்துவிடும். பச்சை பூத்திருந்தால் பெரியவர்களிடம் சொல்லி முதலில் அதை எடுக்கச் சொல்லுங்க.

பழைய கணினி கிடைக்காதவர்களும் முயலலாம். டாஸ்பாக்ஸ் என்ற இலவச நிரல் 2002-லிருந்து இருக்கு. அது இன்றைய கணினிக்குள் ஒரு பொய்யான பழைய கணினியையும் பொய்யான சவுண்ட் பிளாஸ்டரையும் உண்டாக்கும். அங்கேயும் அதே மூணு எண்கள்தான்! நாம் மாற்றாத வரை 220, 7, 1 என்று இருக்கும். விளையாட்டின் செட்டப்பில் 5 என்று போட்டால் அங்கேயும் மூச்சு வராது.

கடைசியாக ஒரு கேள்வி. ஒரு 486-இல் கீன் நான்காம் பாகம் பாட்டோடு ஓடுது. அதே கணினியில் ஜாஸ் முயல் ஓடுது, ஆனா ஒரு சத்தமும் இல்லை. ஸ்பீக்கர் வயர் சரியாக இருக்கா? மூணு எண்களில் எவற்றைச் சந்தேகப்படணும், ஏன்? விடையைப் பேர், வகுப்போடு எழுதி இந்தப் பலகைக்குக் கீழே உள்ள அட்டைப் பெட்டியில் வெள்ளிக்கிழமைக்குள் போடுங்க. துப்பு: 388.

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி