வீட்டுத் தோட்டத்தில் மொச்சை

அவரையும் மொச்சையும் ஓரினத்தனவே. இளங்காயாகக் கொள்வதை அவரையென்றும், முற்றவிட்டு விதையாகக் கொள்வதை மொச்சையென்றும் நம்மனோர் வழங்குவர். சங்கச் செய்யுட்களிலும் அவரை பேசப்படுதலின் இதன் தொன்மை தெளிவாம்.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது பழமொழி. இதற்கு மழையொன்றே காரணமன்று. நாட்டு மொச்சை பகற்பொழுது குறுகுங்காலத்தே பூக்கும் இயல்பினது. ஆடியில் ஊன்றிய கொடி தை மாசியில் நெற்றாகும். பகல் நீளும் பங்குனியில் ஊன்றின், கொடி தழைக்குமேயன்றி விரைவிற் காய்ப்பதில்லை.

மட்கிய எருவிட்ட குழியில் மூன்று விதை ஊன்றிப் பந்தலில் ஏற்றுதல் போதும். இதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைக் கவர்ந்து பயிருக்கு உணவாக்கும் என்பதை, 1886-ஆம் ஆண்டில் ஹெல்ரீகல் என்னும் ஜெர்மானிய அறிஞர் வெளியிட்டார். ஆதலின் அறுவடை முடிந்தபின் கொடியைப் பிடுங்காது, தண்டை அறுத்து வேரை மண்ணிலேயே விடுதல் நன்று.

நெற்றுக்கள் கலகலவென ஒலிக்கும்போது பறித்து, நன்கு காயவைத்து உடைத்தல் வேண்டும். வண்டு தோட்டத்திலேயே காய்மேல் முட்டையிட்டுவிடும். ஆகவே பானையை இறுக மூடுவதால் மட்டும் பயனில்லை. விதைகளைச் செம்மண் குழம்பிற் பிசறி மீண்டும் உலர்த்துவது முன்னோர் கண்ட முறை. உலர்ந்த மொச்சையை இரவெல்லாம் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டி, நன்றாக வேகவைத்தே உண்ணல் வேண்டும். பச்சையாக உண்ணின் தீங்காம்.

நோயின்றி மிகுதியாய்க் காய்த்த கொடியின் நெற்றுக்களை முதலிலேயே விதைக்கென ஒதுக்குவோமாக. உண்ணும் பானையும் விதைப்பானையும் ஒன்றாயின், அடுத்த ஆடியில் நம் பந்தல் வெறும் பந்தலே.